மா டின்னுக்குள் வைத்த பற்றரி

குலசேகரத்துக்குப் பிள்ளைகள் இல்லை. ஆனாலும் இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டுத் தொடக்கத்தில் சூரிச்சிலிருந்து அவருடைய மைத்துனர் அனுப்பிய பெட்டிக்குள் ஒரு விளையாட்டுக் கார் வந்தது. முழுக் காராக வரவில்லை. ஒன்றோடொன்று பொருத்தும் பிளாஸ்டிக் கட்டைகள், பற்சக்கரங்கள், ஒரு மோட்டர், ஆறு பற்றரி பிடிக்கும் ஒரு சிறு பெட்டி, ஒரு ரிமோட் என்று துண்டு துண்டாக வந்தது. மைத்துனர் தானாக அனுப்பவில்லை. இவர் கேட்டு வாங்கினார்.

"மற்ற ஆக்கள் சுவிஸிலையிருந்து சென்ட் போத்தல் கேக்கினம், சொக்லேட் கேக்கினம். ஐம்பத்திநாலு வயசிலை இவர் கார் கேட்டிருக்கிறார்," என்று அவருடைய மனைவி பாக்கியலெட்சுமி தொலைபேசியில் தங்கைக்குச் சொன்னாள். "ஏறி இருந்து போற காரெண்டாலும் பரவாயில்லை."

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், ஒரு தொடர்மாடியின் நான்காம் தட்டில் அவர்கள் வாடகைக்கு இருந்தார்கள். அவர் புறக்கோட்டையில் ஓர் இறக்குமதிக் கம்பனியில் எழுதுவினைஞர். யாரோடும் அதிகம் கதைக்கமாட்டார். நல்ல மனுசன் என்று கட்டடத்தில் எல்லோரும் சொன்னார்கள். அந்தச் சொல்லை இவரைப்போன்றவர்களுக்கு நாம் கொஞ்சம் சுலபமாகவே கொடுத்துவிடுகிறோம். அவர் யாருக்கும் கெடுதல் செய்ததில்லை. யாருக்காகவும் எதையும் பணயம் வைத்ததுமில்லை. இரண்டும் ஒன்றல்ல.

மூன்றாம் தட்டில் நிக்கலஸ் மனைவி பிறிஜெற்றோடும் பிள்ளைகளோடும் இருந்தார். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர், இவரைவிடப் பத்து வயது இளையவர். மருமக்களுக்கென்று புறக்கோட்டையில் வாங்கிய ரிமோட் கார் ஒன்றை அவர்களிடம் கொடுக்க மனமில்லாமல் தன் ரீ.வி.க்கு மேலேயே வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில், வெயில் தணிந்த பிறகு, இருவரும் மொட்டைமாடியில் கார் ஓட்டினார்கள். தண்ணீர்த் தாங்கியின் மேடைக்கு ஒரு பலகையைச் சாய்த்து வைத்து, அதில் எது ஏறுகிறது என்று பார்ப்பதுதான் போட்டி.

கடையில் வாங்கிய பற்றரிகள் ஒரு பின்னேரத்துக்கே போதாமல் போனதால், குலசேகரம் மருதானையில் ஒரு கமராக் கடையில் சார்ஜ் பண்ணக்கூடிய பற்றரிகளை வாங்கிப் போட்டார். அதோடு கார் சோர்ந்துவிட்டது. சமதரையில் ஓடியது. பலகையில் பாதிவரை ஏறி, அங்கேயே நின்று முனகியது.

"அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி வைங்க அண்ணே, ஏறும்," என்றார் நிக்கலஸ்.

"உம்மடை கார் புறக்கோட்டைக் குப்பை. நாளைக்கு நிண்டிடும்."

"நாளைக்கு நிக்கிறது நாளைக்கு. இண்டைக்கு ஏறுது, இல்லியா?"

காரணம் குலசேகரத்துக்குத் தெரியும். கடைப் பற்றரி ஒன்றரை வோல்ற் தரும். சார்ஜ் பண்ணும் பற்றரி அதைவிடச் சற்றுக் குறைவு. ஆறிலும் சேர்த்தால் கிட்டத்தட்ட இரண்டு வோல்ற் குறைகிறது. இன்னும் இரண்டு பற்றரி சேர்த்தால் சரி, ஆனால் பெட்டியில் ஆறுக்குத்தான் இடம். ஆகவே பெட்டியையே கழற்றி வைத்தார். எட்டுப் பற்றரிகளை முனைக்கு முனை ஈயம் வைத்து ஒட்டி, கறுப்பு டேப்பால் இறுக்கிச் சுற்றினார். பெட்டியிலிருந்து காருக்குப் போகும் வயரை வெட்டி, அதன் இரண்டு நுனிகளையும் இந்தப் பற்றரிக் கட்டிலிருந்து வந்த இரண்டு நுனிகளோடு முறுக்கினார். சனிக்கிழமை பின்னேரம், கதிரையில் சாய்த்து வைத்த பலகையில் கார் நிற்காமல் ஏறி, உச்சியைத் தாண்டி மறுபக்கம் விழுந்தது. பாக்கியம் அடுப்பை விட்டுவிட்டு வந்து பார்த்தாள்.

"ஏறிட்டுது. இறங்கத் தெரியாதோ?"

அவர் சிரித்தபடி காரை நிமிர்த்தி மேசையில் வைத்தார். ஒரு பொருளைச் செய்தவனுக்கு அது என்னவென்று தெரியும். அதனாலேயே அது மற்றவர் கண்ணுக்கு என்னவாகத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. மேசையில் இருந்தது அவருக்குக் கார்தான்.

அந்தக் கிழமை நகரத்தில் ஒரு பஸ்ஸில் குண்டு வெடித்திருந்தது. வெள்ளவத்தையில் ஒவ்வோர் ஒழுங்கையாகச் சோதனை நடந்துகொண்டிருந்தது. ஞாயிறு காலை, பாக்கியம் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது, கீழே வாகனங்கள் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. குலசேகரம் யன்னலால் எட்டிப் பார்த்தார். ஒழுங்கையின் இரண்டு முனையிலும் ஆமி நின்றது. பொலிஸார் கீழ்த்தட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஐ.சி.யையும் பொலிஸ் பதிவையும் எடுத்து வையுங்கோ," என்றாள் பாக்கியம். சோதனைக்குப் பழகிய குரல். பால் டின்னை மூடி வைப்பதுபோல அதைச் சொன்னாள்.

அவர் அடையாள அட்டைகளை எடுத்து மேசையில் வைத்தார். அப்போதுதான் அந்தக் கறுப்புக் கட்டு அவர் கண்ணில் பட்டது. அதிலிருந்து வந்த இரண்டு வயரும் கண்ணில் பட்டன.

"பாக்கியம், இது..."

"விளையாட்டுக் கார்தானே. இருக்கிற இடத்திலை இருக்கட்டும்."

"அவங்களுக்கு இது விளையாட்டாத் தெரியுமோ?"

"காரோடை இருந்தால் காரெண்டு தெரியும். தனிய இருந்தால்தான் தெரியாது. கை வையாதேங்கோ."

அவள் சொன்னது சரி. அவருடைய மூளைக்கும் அது சரியென்று தெரிந்தது. ஆனால் கைகள் வேறொரு ஊரில் பழகியவை. யாழ்ப்பாணத்துக்குப் பற்றரி போகக்கூடாதென்று தடை இருந்த ஆண்டுகளில் அவர் அங்கே இருந்தார். செத்த பற்றரியை வெயிலில் காயவைத்து, ஆணியால் துளைபோட்டு உப்புத்தண்ணீர் விட்டு, றேடியோவில் செய்தி முடியும் வரைக்கும் உயிரைப் பிடித்து வைத்திருக்கிறார். ஒருமுறை அலுவலாகக் கொழும்புக்கு வந்து திரும்பும்போது, நான்கு பற்றரிகளைப் பால்மா டின்னுக்குள் புதைத்து எடுத்துப் போனார். வழியில் தாண்டிக்குளத்து ஆமிச் சோதனையில் பொதியை எல்லாம் கொட்டிப் பார்த்தார்கள். டின்னைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக் கொடுத்தார்கள். அன்று தப்பியதை அவர் தன் கெட்டித்தனம் என்று எண்ணிக்கொண்டார். தப்பிய வழியை மனிதன் மறப்பதில்லை. அது எங்கே செல்லும், எங்கே செல்லாது என்று யோசிப்பதுமில்லை. கொழும்பில் சந்திக்குச் சந்தி பெட்டிக்கடையில் பற்றரி தொங்குகிறது. இங்கே அதை யாரும் தடை செய்யவில்லை. வந்து பத்து வருடமாகியும் அவர் வீட்டில் பற்றரி வெளியில் இருந்ததில்லை.

முறுக்கிய வயர்களைப் பிரித்தார். பற்றரிக் கட்டைக் காரிலிருந்து கழற்றினார். பாக்கியம் பார்த்துக்கொண்டு நிற்கவே குசினிக்குள் போய், கோதுமை மா டின்னைத் திறந்து, கையை மணிக்கட்டுவரை விட்டு அதை அடியில் வைத்தார். மாவைத் தட்டிச் சமப்படுத்தி மூடினார்.

"உங்களுக்கு என்ன விசரே?" என்றாள் அவள், மெல்ல. அதற்கு மேல் கதைக்க நேரமிருக்கவில்லை. கதவு தட்டப்பட்டது.

ஆமி சார்ஜன்ட் ஒருவர், இரண்டு சிப்பாய்கள். சார்ஜன்டுக்கு இவருடைய வயதிருக்கும். நரைத்த மீசை, களைத்த முகம். அட்டைகளைப் பார்த்தார், பதிவைப் பார்த்தார். பெயரை இரண்டு தரம் வாசிக்க முயன்று விட்டுவிட்டார். சிப்பாய்கள் அறைகளுக்குள் போனார்கள். சார்ஜன்டின் கண் மேசைக்குப் போனது.

"கீழ்வீட்டிலும் ஒரு கார் இருந்தது," என்றார் சிங்களத்தில். அவர் முகம் சற்று இளகியது. ரிமோட்டை எடுத்து அழுத்தினார். கார் அசையவில்லை. புரட்டிப் பார்த்தார். வயிற்றுப் பக்கம் வெறுமையாக இருந்தது. வெட்டிய வயர் ஒன்று தொங்கியது.

"பெட்டரி?"

"பெட்டரி நே, சார்," என்றார் குலசேகரம். இல்லை என்று சொன்னார்.

சார்ஜன்ட் காரை மேசையில் வைத்தார். வயரின் நுனியைப் பார்த்தார். செப்புக் கம்பி முறுக்கிப் பிரித்த சுருளோடு புதிதாக மினுங்கியது. பிறகு அவர் இவரைப் பார்க்கவில்லை. நேரே குசினிக்குள் போனார். அலுமாரியைத் திறக்கவில்லை, அரிசி வாளியைத் தொடவில்லை. டின்கள் அடுக்கியிருந்த தட்டில் மா டின்னை எடுத்து, மூடியைக் கழற்றி, ஓர் அகப்பைக் காம்பை உள்ளே விட்டார். காம்பு எதிலோ முட்டியது.

மா வழிய அது வெளியே வந்தது. கறுப்பு டேப் சுற்றிய கட்டு, இரண்டு வயர். இளைய சிப்பாய் துப்பாக்கியைச் சரியாகப் பிடித்துக்கொண்டு ஓரடி பின்னுக்குப் போனான். மற்றவன் வாசலை அடைத்து நின்றான்.

பாக்கியம் சுவரோடு சாய்ந்தாள். அந்த ஆண்டில் இப்படிக் கூட்டிக்கொண்டு போனவர்களில் சிலர் பின்னேரமே வந்தார்கள். சிலர் மாதக்கணக்கில் தடுப்புக்காவலில் இருந்தார்கள். சிலர் எங்கே என்று அவர்களுடைய பெண்கள் அலுவலகம் அலுவலகமாகக் கேட்டுத் திரிந்தார்கள். இந்தப் பற்றரிக் கட்டிலேயே இனி அவர்களுடைய வாழ்வு தொங்குகிறது என்பது இருவருக்கும் விளங்கியது.

"காருக்குத்தான் சார். சார், காருக்கு," என்று குலசேகரம் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொல்லிக்கொண்டு கையை நீட்டினார்.

"தொடாதே."

கை பாதியில் நின்றது.

"எய் ஹங்குவே?" ஏன் ஒளித்தாய் என்று கேட்டார் சார்ஜன்ட். குரலை உயர்த்தவில்லை. "காருக்கென்றால் காரில் இருக்க வேண்டும். இல்லை என்று ஏன் சொன்னாய்?"

பதில் இருந்தது. அதைச் சொல்லச் சிங்களம் போதவில்லை. தமிழிலும் போதுமோ என்பது சந்தேகம். சார்ஜன்ட் சிப்பாயிடம் கீழ்வீட்டுக்காரனைக் கூட்டிவரச் சொன்னார்.

நிக்கலஸ் இடுப்பில் கட்டிய சாரத்தோடு வந்தார், சேர்ட்டுக்குப் பொத்தான் பூட்டியபடி. வாசலில் நின்று மேசையைப் பார்த்தார், கட்டைப் பார்த்தார், குலசேகரத்தைப் பார்த்தார். கறுப்புப் பற்றரிக் கட்டை அவர் அதுவரை கண்டதில்லை. பின்னேரம் காட்டி அசத்தலாம் என்று குலசேகரம் அவருக்குச் சொல்லாமல் வைத்திருந்தார்.

"இவரைத் தெரியுமா?" சார்ஜன்ட் கேட்டார்.

நிக்கலஸ் சேர்ட்டின் மேல் பொத்தானைப் பூட்டினார். அந்த நேரம் நீளமானதா, குறுகியதா என்று குலசேகரத்தால் பிறகும் சொல்ல முடியவில்லை. கீழே எங்கோ ஒரு வீட்டில் பிரஷர் குக்கர் விசிலடித்தது மட்டும் நினைவிருந்தது.

"தெரியும் சார்," என்றார் நிக்கலஸ், தண்ணீர்போலச் சிங்களத்தில். "ஞாயிற்றுக்கிழமைகளில் மேலே என்னோடு கார் ஓட்டுகிறவர். ஒருநாளும் வென்றதில்லை. அதுதான் பவரைக் கூட்டப் பார்த்திருக்கிறார்."

"நீ பொறுப்பா?"

"நான் ஓட்டிக் காட்டுகிறேன், சார்."

"சரி, நீ பூட்டு. அவர் தொடக்கூடாது."

நிக்கலஸ் நிலத்தில் குந்தி, கட்டின் இரண்டு நுனிகளையும் காரின் இரண்டு நுனிகளோடு முறுக்கினார். விரல்கள் நடுங்கவில்லை, கிரேன் ஓட்டும் விரல்கள். சிப்பாய்கள் வாசலுக்கு வெளியே போய் நின்றார்கள். சார்ஜன்ட் போகவில்லை. நிக்கலஸ் ரிமோட்டை அழுத்தினார்.

கார் அசையவில்லை.

மறுபடி அழுத்தினார். ஒன்றுமில்லை. சார்ஜன்ட் மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது. குலசேகரம் முறுக்கிய இடத்தைப் பார்த்தார். வயர் இரண்டும் ஒரே சாம்பல் நிறம். எது எதோடு என்று அவர் அடையாளம் வைத்திருக்கவில்லை, தனக்குத்தானே தெரியுமென்று. மாறிப் பூட்டியதில் உள்ளே எரிந்திருந்தால் இனி அது எதற்கென்று யாராலும் காட்ட முடியாது.

"மாத்தி, நிக்கலஸ்," என்றார். "ரெண்டையும் மாத்திப் பூட்டும்."

நிக்கலஸ் பிரித்து, மாற்றி முறுக்கினார். காரின் தலையில் ஒரு சிறு பச்சை வெளிச்சம் வந்தது. அழுத்தியதும் கார் பாய்ந்து, மாத் தடம் பதித்தபடி போய்ச் சார்ஜன்டின் சப்பாத்தில் முட்டி, அங்கேயே ஏற முயன்று உறுமியது.

யாரும் சிரிக்கவில்லை. சார்ஜன்ட் ரிமோட்டை வாங்கி, முன்னும் பின்னும் ஓட்டினார். "இது ரீ.வி. ரிமோட் மாதிரி சார், நடுவில் கை வைத்தாலே கேட்காது. மறைவில் நின்று எதையும் இயக்க முடியாது," என்றார் நிக்கலஸ். சார்ஜன்ட் உள்ளங்கையை இடையில் வைத்து அழுத்திப் பார்த்தார். கார் நின்றது. கையை எடுத்தார், ஓடியது. அதை இன்னொரு முறையும் செய்து பார்த்தார்.

பிறகு குலசேகரத்திடம் திரும்பினார். "கார் சரி. கேட்டதற்குப் பதில் வரவில்லை."

"புருத்த, சார்," என்றார் குலசேகரம். பழக்கம். அந்த ஒரு சொல் கிடைத்தது. "யாப்பனய." யாழ்ப்பாணம் என்றார்.

சார்ஜன்ட் கையிலிருந்த மாவைக் காற்சட்டையில் தட்டினார். "தாண்டிக்குளத்தில் நான் இரண்டு வருடம் நின்றேன்," என்றார் நிக்கலஸைப் பார்த்து, அவர் மொழிபெயர்க்கட்டும் என்பதுபோல. "பாணுக்குள் பெட்டரி, பூசணிக்காய்க்குள் பெட்டரி, பால்மா டின்னுக்குள் பெட்டரி. எடுத்து எடுத்து ஒரு குழியில் போடுவோம். இந்த ஆட்களின் வீட்டில் தேட எனக்கு அலுமாரி திறக்கத் தேவையில்லை. எத்தனை கொண்டுபோனார், கேள் அவரிடம்."

"நாலு," என்றார் குலசேகரம், மொழிபெயர்க்க முன்பே.

சார்ஜன்ட் தலையை ஆட்டினார். அது இரக்கமல்ல, இரக்கமென்று நினைத்துப் பாக்கியம் அழத் தொடங்கியபோதும். "ஸ்டேசனுக்கு வரவேண்டும்," என்றார். "காராக இருக்கலாம். ஒளித்து வைத்ததை நான் எடுத்தேன், இவர்கள் இரண்டு பேரும் கண்டார்கள். காணவில்லை என்று இனி என்னால் சொல்ல முடியாது." சிப்பாய்களுக்குக் கேட்கும்படி சொன்னார்.

மேசையில் கிடந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். அதைப் பாக்கியம் சொல்லவில்லை. சேர்ட்டை எடுத்து வந்து கொடுத்தாள், கையிலிருந்த மாவைத் துடைத்துவிட்டாள்.

பொலிஸ் நிலையத்து மர வாங்கில் அன்று பகல் முழுவதும் குலசேகரம் இருந்தார். பக்கத்தில் இருந்தவர்களை ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார்கள். இரண்டு இளம் பொடியன்கள் உள்ளே போனார்கள். பின்வாசலில் ஒரு வாகனம் புறப்படும் சத்தம் கேட்டது. பொடியன்கள் திரும்பி வரவில்லை. அவர் ஏன் இங்கே இருக்கிறார், அவர்கள் ஏன் அங்கே என்று யோசித்தார். குற்றத்துக்கும் இதற்கும் தொடர்பிருப்பதாக அவருக்குத் தெரியவில்லை. ஒரு சார்ஜன்ட் எங்கே நின்றிருந்தார், ஒரு வயர் எந்தப் பக்கம் முறுக்கப்பட்டது, ஒரு மனிதன் பொத்தான் பூட்டி முடித்ததும் என்ன சொன்னான் என்பவற்றோடு இருக்கலாம். இவ்வளவு மெல்லிய நூல்களில் ஒரு வாழ்வு நிற்கிறதென்றால் அதை நினைக்காமல் இருப்பதுதான் புத்தியென்று எண்ணினார். நினைக்காமல் இருக்க முடியவில்லை.

வெயில் சாயும்போது பொறுப்பதிகாரி கூப்பிட்டார். சார்ஜன்ட் சொன்னதைக் கேட்டார். நிக்கலஸ் கொழும்பில் பிறந்தவர், துறைமுகத்தில் நிரந்தர வேலை. அவர் வந்து பொறுப்பேற்றுக் கையெழுத்து வைத்தார். பற்றரிக் கட்டை அவர்கள் வைத்துக்கொண்டார்கள். போகலாம் என்றார்கள்.

காலி வீதியில் இருவரும் நடந்தார்கள். பஸ்கள் சனத்தோடு போயின. கடைகளில் வெளிச்சம் போடத் தொடங்கியிருந்தார்கள்.

"அக்கா எங்கட வீட்டில பிறிஜெற்றோட இருக்காங்க," என்றார் நிக்கலஸ். "சாப்பிட மாட்டேன்னு இருக்காங்க. நீங்க வந்தாத்தான்."

"ம்."

"அந்தக் கட்ட எனக்கு முந்தியே காட்டியிருக்கலாமே, அண்ணே. திடீர்னு பாத்ததும் எனக்கே... உண்மையச் சொல்றேன். தெரியாதுன்னு சொல்ல வாய் வந்திச்சு. புள்ளைகள நெனைச்சேன். பொத்தானப் பூட்டிக்கிட்டே யோசிச்சேன்."

"கண்டனான்."

"பிறகு எப்படியோ தெரியும்னு வந்திட்டுது. ஏன்னு தெரியல."

குலசேகரம் நன்றி சொல்ல வேண்டிய இடம் அது. அந்தச் சொல் வாயில் இருந்தது. ஆனால் பகல் முழுவதும் அந்த வாங்கில் இருந்து அவர் வேறொன்றையும் கண்டிருந்தார். அதைச் சொல்லாமல் நன்றியை மட்டும் சொல்வது, மாவைத் தட்டிச் சமப்படுத்துவதுபோல இருந்தது.

"நிக்கலஸ், உம்மடை வாசலிலை என்னைக் கொண்டுவந்து நிப்பாட்டிக் கேட்டிருந்தால், நான் தெரியாது எண்டுதான் சொல்லியிருப்பன்."

நிக்கலஸ் நடையை நிறுத்தவில்லை. ஒரு பஸ் கடந்து போனது. பிறகு, கோபமில்லாமல், சிரிப்புமில்லாமல் சொன்னார்:

"இத நீங்க ஒளிச்சிருக்கலாம், அண்ணே."

ஒழுங்கை முனையில் நின்ற காவலனுக்கு இருவரும் அடையாள அட்டைகளை எடுத்துக் காட்டினார்கள். நிக்கலஸினுடையதை அவன் பார்த்துக் கொடுத்துவிட்டான். குலசேகரத்தினுடையதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நிக்கலஸ் நான்கடி தள்ளி நின்று காத்துக்கொண்டிருந்தார்.